முள் நிற்கும்வரை

என் தம்பியின் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்க, சேத்தூருக்கு வெளியே ஒரு பம்புசெட் தொட்டியில் அவனை மூழ்கவைத்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

பட்டாளத்துத் தேர்வில் எடை அதிகம் என்று அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மறுபரிசோதனைக்கு இருபது நாள். அதையும் விட்டால் வயது கடந்துவிடும். அவன் குண்டில்லை, கபடி ஆடி இறுகிய உடம்பு. ராஜபாளையத்தில் அவனை ஆடவைத்த உடற்கல்வி ஆசிரியர்தான் வழி சொன்னார். கொழுப்பு தண்ணீரில் மிதக்கும், எலும்பும் சதையும் அமிழும். தண்ணீருக்குள் ஒருவன் எத்தனை கிலோ என்று தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். கணக்கோடு கடிதம் தருகிறேன், பட்டாளத்து டாக்டரிடம் காட்டட்டும் என்றார்.

தொட்டியின் குறுக்கே ஒரு இரும்புக் குழாய். அதில் மில்லில் பஞ்சு நிறுக்கும் வட்டத் தராசு. தராசிலிருந்து கயிற்றில் ஓர் இரும்பு நாற்காலி தண்ணீருக்குள் தொங்கியது. முள்ளைப் பார்ப்பது என் வேலை. எனக்கு நீச்சல் தெரியாது.

முதல் தடவை தம்பி நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக்கொண்டு முங்கினான். கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். போதாததற்கு, தேர்வில் நெஞ்சை விரித்துக் காட்டுவதற்காக மாதக்கணக்கில் பழகியிருந்தான். நாற்காலியை விட்டு மிதந்து மேலே வந்தான்.

"ஏலே, நெஞ்ச விரிக்கிறதெல்லாம் அங்க போயி வச்சுக்க," என்றார் ஆசிரியர். "இங்க காத்தப் பூராம் வெளிய விடணும். இல்லன்னா உன்னையப் பன்னிக்குட்டின்னுதான் கணக்கு சொல்லும்."

"காத்த விட்டுட்டு எம்புட்டு நேரம் சார் உள்ள கெடக்க?"

"முள்ளு நிக்கிற வரைக்கும். பொறவு உங்க அண்ணன் கயித்த ஆட்டுவாரு."

இரண்டாம் தடவை குமிழிகள் வந்தன. பெரியவை, பிறகு சிறியவை, பிறகு ஒன்றுமில்லை. அவன் அசைகிறவரை முள் ஆடும். முள் நிற்க வேண்டுமென்றால் அவன் அசையாமல் கிடக்க வேண்டும். அப்படிக் கிடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிணற்றிலிருந்து பிணமாக எடுக்கப்பட்டவர்களைப் பற்றி நான்கு வரிச் செய்திகள் எழுதியிருக்கிறேன். தண்ணீருக்கடியில் அவன் தலைமுடி மட்டும் அலைந்தது. முள்ளின் ஆட்டம் குறைந்துகொண்டே வந்தது. கயிற்றைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

மேலே வந்தவன் தண்ணீரைத் துப்பினான். "என்னண்ணே, இன்னும் செத்த நேரம் கெடந்திருப்பேன்ல. நின்னுச்சா?"

நிற்கவில்லை. நாற்காலியின் எடை போக, நான்கு கிலோவுக்கும் ஐந்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் மறுபடி முங்குவான். அவன் உதடு கறுத்திருந்தது.

"நின்னுச்சு," என்றேன். "நாலரை."

ஆசிரியர் எழுதிக்கொண்டார். வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் பெருக்கி வகுத்தார். "கொழுப்பு கம்மிதாம்ல, வாயிலதான் கூட," என்றார். தம்பி சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

அதன்பின் மறுபரிசோதனை நாள்வரை எனக்கு ஒரே பயம். டாக்டர் இன்னொரு தடவை நிறுத்துக் காட்டச் சொன்னால்?

மறுபரிசோதனை முடிந்து தம்பி நேராக என் அலுவலகத்துக்கு வந்தான். எடுத்துக்கொண்டார்களாம்.

"லெட்டரப் பாத்தாரு டாக்டரு. முள்ளப் படிச்சது யாருன்னு கேட்டாரு. எங்க அண்ணன், பேப்பர்ல எழுதுறவருன்னேன். அப்ப சரியாத்தான் இருக்கும்னுட்டாரு."