பாக்கியம் அக்கா கால் தூக்காமல் வந்த தூரம்

ஈர மண்ணிலிருந்து 'உஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். கூடவே லேசான புகை...

சாரல் சீசன் காலை. வயரிங் வேலைக்காக மேலகரத்திலிருந்து இலத்தூருக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். தென்னை மட்டை விழுந்து கரண்ட் கம்பி அறுந்து வயலில் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு பசு விழுந்து துடித்தது.

அதை நோக்கி ஓடி வந்தார் பாக்கியம் அக்கா. கணவர் இறந்த பிறகு, அந்தப் பசுவை வைத்துத்தான் தன் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அங்கனயே நில்லுங்க! ஒரு எட்டு எடுத்து வைக்காதிய!"

"எம் மாடு சாவுதுடே... நிக்கச் சொல்லுதியே!"

சொன்னவர் சட்டென்று நின்றார். "காலு ரெண்டும் சுர்ருனு இழுக்கு..."

கம்பி மண்ணைத் தொடும் இடத்தில் வோல்டேஜ் அதிகம். தள்ளிப்போகப் போகக் குறையும். காலை அகட்டி வைத்தால் ஒரு காலுக்கு ஒரு வோல்டேஜ், மறு காலுக்கு வேறொன்று. அந்த வித்தியாசம் போதும்... கரண்ட் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். அதனால்தான் அது விழுந்தது.

"ரெண்டு காலயும் ஒட்டி வைங்க. தூக்காம, தேச்சுத் தேச்சுப் பின்னால வாங்க!"

தார் ரோட்டில் நின்று கத்தினேனே தவிர, பக்கத்தில் போகவில்லை. எனக்கும் பயம்.

அக்கா அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். கண் மட்டும் பசு மேலேயே இருந்தது. ரோட்டை எட்டியபோது பசுவின் துடிப்பு நின்றிருந்தது. டீக்கடையிலிருந்து மின்வாரியத்துக்குப் போன் பண்ணி நான் லைனை ஆஃப் பண்ண வைத்தது அதற்குப் பிறகுதான்.

அக்கா நன்றி சொல்லவில்லை.

"நீ என் உசுரப் பாத்த. நான் பிள்ளைகள் படிப்பப் பாத்தேன்டே..."

"உசுரு இருந்தாத்தானக்கா மத்ததெல்லாம்?" என்றேன். அடுத்த வருடம் மூத்தவள் படிப்பை விட்டுவிட்டு, தென்காசியில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள்.

இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. கம்பி விழுந்தால் உடனே தகவல் போய்விடும். என்னிடம் வேலை பழகுகிறவர்களுக்குச் சீசன்தோறும், கம்பி விழுந்த இடத்தில் காலைத் தூக்காமல் தேய்த்தே விலகச் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது...

அன்று எனக்கு இருபத்துமூன்று வயது. அக்காவுக்குச் சொன்ன அந்தப் பதில் யோசிக்காமல் வந்தது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக் களைத்துப்போன இன்று, அவர் முகத்தைப் பார்த்து அதை அவ்வளவு லேசாகச் சொல்ல எனக்கு வாய் வராது...