புள்ளக்காம்பராவுக்கு ஒரு தனி அழைப்பு எண்: புளத்கொகுபிட்டிய போய் வந்தது

இது சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது வோக்கி-டோக்கிகளுக்குத் தனித்தனி அழைப்பு எண் போட்டுக் கொடுக்கப் போனேன். கொட்டாஞ்சேனையில் இருபத்திரண்டு வருடமாக வோக்கி பழுதுபார்க்கிறேன். வழக்கமாக இந்த வலைப்பதிவில் கோயில், அருவி, நல்ல சாப்பாட்டுக் கடை என்று எழுதுகிறவள்தான். இதை எழுதக் காரணம் அங்கே நான் செய்த ஒரு பிழை. மலைப்பக்கம் இதே வேலையாகப் போகிறவர்கள் அந்தப் பிழையைச் செய்யக்கூடாது.

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் தவராசா தொலைபேசியில் எல்லாவற்றையும் முதலே சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். போன பெருமழையில் மேற்கணக்கு என்கிற மேல் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்தது. கடைசி மூன்று வீடுகள் போயின. காய்ச்சலில் வேலைக்குப் போகாமல் படுத்திருந்த கணேசன் என்பவர் இறந்தார். மிச்சம் பதினொரு குடும்பம் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறது. வேறு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், தரவில்லை.

அந்த மலை மடிப்பில் கைத்தொலைபேசி எடுபடாது. பகலில் பெரியவர்கள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள். லயத்தில் வயதானவர்களும் சுகமில்லாதவர்களும்தான் இருப்பார்கள். லயத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் நிற்கிற இடம் என்றால் அது புள்ளக்காம்பரா, அதாவது வேலைக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். அதனால் ஒரு வோக்கியை அங்கே வைத்திருந்தார்கள். மேலே மழைமானி பார்க்கிற, வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை ஆபத்தென்று சொன்னால், காம்பராவில் இருக்கும் பெண் வெளியே தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்க வேண்டும். லயம் முழுக்கக் கேட்கும், எல்லாரும் வெளியே வந்துவிடலாம். மண் சரிந்த அன்று கணக்கப்பிள்ளை கூப்பிட்டார், தண்டவாளம் அடிபடவில்லை.

காம்பராவில் இருந்த பெண் பரமேஸ்வரி. இறந்த கணேசனின் மனைவி. "அவ இனி அந்தச் சாமானைத் தொடமாட்டன் எண்டு நிக்கிறா. அவ வாங்காட்டி வேற ஆளில்லை," என்றார் தவராசா. அடுத்த மழை வரும்முன் இதைச் சரிக்கட்ட வேண்டும், அதற்குத்தான் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 5.10க்குப் புறக்கோட்டையில் பஸ் எடுத்தேன். அவிசாவளைக்கு 240 ரூபாய், 7.15க்கு இறங்கினேன். 7.40க்குத் தெஹியோவிட்ட, கரவனெல்ல வழியாக அடுத்த பஸ், 150 ரூபாய். மடியில் மடிகணினி, காலடியில் பெட்டி, தோளில் யாரோ ஒருவருடைய தூக்கம். இறங்கும்போது வாய்க்கு வந்ததை முணுமுணுத்துக்கொண்டுதான் இறங்கினேன். எனக்குப் பொறுமை குறைவு என்பது இங்கே வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். 9 மணிக்குப் புளத்கொகுபிட்டிய. கடையில் ஒரு பிளேன்டி குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

தோட்டத்துக்கு ஒன்பது கிலோமீட்டர், 1,300 ரூபாய். சாரதி சிங்களவர், தமிழ் தண்ணீராக ஓடியது. தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் வண்டியில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டார். மண் சரிந்த அன்று பாதை முடியும்வரை ஆட்டோவைக் கொண்டுபோய், பிறகு மண்வெட்டியோடு நடந்தாராம். கடைசி இரண்டு கிலோமீட்டர் கல் பாதை. திரும்பக் கூட்டிப்போக நாலரைக்கு வருவதாகவும், மழை இருட்டினால் நாலுக்கே வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆபிசில் 9.50க்கு வேலை தொடங்கியது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணமாக ஒரே அலைவரிசையில் ஒருவர் பேசினால் எல்லா வோக்கியும் கத்தும். அந்தத் தோட்டத்தில் காலையிலிருந்து மாலைவரை கொழுந்து நிறை, லொறி எங்கே, உர மூடை எங்கே என்று ஒரே இரைச்சல். தனி அழைப்பில் பேச்சுக்கு முன்னால் ஐந்து குட்டி ஒலிகள் போகும். அவைதான் ஓர் எண். எந்த வோக்கியின் எண்ணோ அது மட்டும் வாய் திறக்கும், மற்றவை சும்மா இருக்கும். இதோடு பேஜிங்கும் போடலாம். அழைப்பு வந்தால் விளக்கு மின்னும், பத்து வினாடிக்கு ஒரு தரம் மணி அடிக்கும், கூப்பிட்டது யார் என்பது திரையில் நிற்கும். யாராவது பொத்தானை அமுக்கும்வரை ஓயாது.

ஒவ்வொரு வோக்கியாகக் கேபிளில் மாட்டி எண் ஏற்றினேன். அதோடு ஒன்பதுக்கும் பொதுவாக இன்னோர் எண், அது ஆபத்துக்கு மட்டும். கூடவே தானியங்கிப் பதிலையும் போட்டேன். அழைப்பு வந்து சேர்ந்ததும் வோக்கி தானாகவே ஒரு ஒலியைத் திருப்பி அனுப்பும், கூப்பிட்டவருக்குப் போய்ச் சேர்ந்தது தெரியும். கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டேன் என்று நினைப்பு. பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்தது.

சாப்பிட்டுவிட்டு நானும் தவராசாவும் மேற்கணக்குக்கு ஏறினோம். அலவாங்குக் கம்பி போல நிமிர்ந்த ஒரு மனிதர் மழைமானிக்குப் பக்கத்தில் நின்றார். கணக்கப்பிள்ளை முத்தையா. வோக்கியை வாங்கி, சொன்னதைக் கவனமாகக் கேட்டு, இரண்டு தடவை செய்து காட்டினார். மண் சரிந்த அன்று கூப்பிட்டவர் அவர்தான். அங்கிருந்து கீழே காம்பராவுக்குப் படிப்பாதையில் நடந்து போனேன்.

பரமேஸ்வரிக்கு நாற்பது வயது இருக்கும். ஆறு பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. பேசியதெல்லாம் மெதுவான குரலில். தொடவே மாட்டேன் என்று நின்றவரிடம் வோக்கியைக் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு, இனி இது சும்மா கத்தாது, உங்களைக் கூப்பிட்டால் மட்டும்தான் சத்தம் வரும் என்றேன். அப்புறம் அவராகவே சொன்னார். அன்று மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரம், வோக்கியில் நிறைக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பிள்ளை திடுக்கிட்டு எழுந்து அழுதது, சத்தத்தை அடியோடு குறைத்தார். வேறு யாருக்கும் இதைச் சொல்லவில்லையாம். தொழில்காரி ஆயிற்றே, தொழிலைத்தான் பேசினேன். பதில் ஒலி தானாகவே கணக்கப்பிள்ளைக்குப் போய்விடும், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்றேன்.

"நான் இங்க இல்லாட்டியும் அது பதில் சொல்லுமா, மிஸ்?"

சொல்லும் என்றேன்.

"அப்ப ஐயா நான் கேட்டுட்டேன்னுதான நெனப்பாரு. அன்னிக்கும் அப்படித்தாங்க நெனச்சிருப்பாரு."

எப்படி அப்படி நினைப்பார், பதில் வராவிட்டால் தெரியாதா என்று கேட்டேன். அப்போதுதான் அந்தத் தோட்டத்து வழக்கத்தைச் சொன்னார். வோக்கியில் மனேஜர் தொரையும் கணக்கப்பிள்ளையும் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுச் செய்வார்கள். "சரி" என்று திருப்பிச் சொல்வதுகூட எதிர்த்துப் பேசுவது போல. காம்பராவில் வோக்கி வைத்த நாளிலிருந்து அவர் பேசும் பொத்தானை ஒரு தடவையும் அமுக்கியதில்லை. மேலே இருந்து சொன்னவருக்குக் கீழே இருந்து எந்தச் சத்தமும் வராததுதான் வழமை. அன்றைய மௌனமும் அப்படியே இருந்தது.

இருபத்திரண்டு வருட அனுபவத்தை அந்த மேசையிலேயே வைத்து உடைத்துவிடலாம் போலிருந்தது. ஆளில்லாத காம்பராவிலிருந்து "கேட்டது" என்று சொல்லும் இயந்திரத்தை நானே செய்து கொண்டுவந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அங்கேயே மடிகணினியைத் திறந்து தானியங்கிப் பதிலை எடுத்தேன். ஆள் கையால் பொத்தானை அமுக்கினால் மட்டும் பதில் போகும்படி வைத்தேன். மற்ற எட்டையும் திரும்பும் முன் ஆபிசில் மாற்றினேன்.

2.50க்கு, முன்பே பேசிவைத்தபடி, மேலே இருந்து சோதனை அழைப்பு. மணி அடித்தது, விளக்கு மின்னியது. பரமேஸ்வரி அசையவில்லை. இரண்டாவது மணி. மூன்றாவது மணிக்குப் பாயில் ஒரு பிள்ளை புரண்டது. கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினார்.

"பரமேஸ்வரி, கேக்குதா?" முத்தையாவின் குரல்.

"கேக்குதுங்க."

சோதனை முடிந்தது என்று நான் வயரைச் சுற்றத் தொடங்கிவிட்டேன். பரமேஸ்வரி பொத்தானை மறுபடியும் அமுக்கினார்.

"ஐயா, அன்னிக்கு எத்தன தடவ கூப்பிட்டீங்க?"

தனி அழைப்பு என்பதால் மற்ற ஏழு வோக்கியிலும் இது கேட்காது, அது பரமேஸ்வரிக்கும் தெரியும்.

"மூணு தடவம்மா. பதில் எப்பவும் வராதுதான, கேட்டிருப்பீங்கன்னு இருந்துட்டேன்." பிறகு, "எறங்கி வந்திருக்கணும். எறங்க பத்து நிமிசம். மண்ணு சரியிற வரைக்கும் எனக்கு நாப்பது நிமிசம் இருந்திச்சு."

"நான்தாங்க சத்தத்த கொறச்சேன். புள்ளைக தூங்குச்சுக."

நாளைக் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் முத்தையா சொன்னார். பரமேஸ்வரி சரிங்க என்றார். வோக்கியை மேசையில் திரும்ப வைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளைகளுக்குப் பால் கரைக்கப் போனார். நான் வெளியே வந்து நின்றேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

இனிப் போகிறவர்களுக்கு. புளத்கொகுபிட்டியவில் ஆட்டோவைத் திரும்பி வரவும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், பின்னேரம் மேலே வண்டி கிடைக்காது. அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் கட்டாயம். அலைவரிசைக்குத் தோட்டத்திடம் அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் கைவைக்காதீர்கள். மழையில் மின்சாரம் போகும், காம்பராவுக்கு மேலதிகமாக ஒரு பற்றரி விட்டு வாருங்கள். தனி அழைப்பில் மற்றவர் பேசுவது கேட்காது, அதனால் பேசுமுன், வேறு யாராவது பேசினால் எரியும் விளக்கைப் பார்க்கப் பழக்குங்கள். எட்டு மணிச் சோதனை அழைப்பு தினமும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். தானியங்கிப் பதிலைத் தயவுசெய்து போடாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரி அச்சடித்து, காம்பராச் சுவரில் ஒட்டக் கொண்டுபோயிருந்தேன். 3.20க்கு முத்தையா கீழே இறங்கி வந்தார். தாளை வாசித்தார். மூன்று தரம் அழைத்தும் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று நான் எழுதவில்லை, எந்தக் கையேட்டிலும் அது இல்லை. என்னிடம் பேனா கேட்டார். ஐந்தாவது வரியைத் தன் கையாலேயே எழுதினார்:

"மூணாவதுக்கும் பதில் இல்லாட்டி, முத்தையா எறங்கி வருவேன்."