மூன்று ரிங் வந்தால் ஜெனரேட்டர்

வெப்சைட் எழுதக் கற்றுக்கொண்டபோது, இனி எல்லாம் மொபைல் ஆப்தான் என்றார்கள். கஷ்டப்பட்டு ஆப் எழுதப் பழகியதும், ஆப் எதற்கு, வெப்சைட்டையே ஆப் மாதிரி ஓட்டலாமே என்றார்கள். சுற்றிச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பதற்கு எங்கள் தொழிலில் அப்டேட் என்று பெயர். இப்படி ஒரு அப்டேட் வேகத்தில் இருந்த நாளில்தான் என் கண்ணில் மாமாவின் கோழிப்பண்ணை பட்டது.

நாமக்கல்லில் வீட்டிலிருந்தே எனக்கு வேலை. பண்ணை ஊரை ஒட்டித்தான். மாமா வீட்டுக்கும் பண்ணைக்கும் நடுவில் இரண்டு சோளக்காடு. பண்ணையில் சம்பளத்துக்குக் கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் இருப்பது பட்டன் போன். அவர் ஒரு ரிங் விட்டுக் கட் செய்தால் தீவன வண்டி வந்திருக்கிறது. இரண்டு என்றால் முட்டை லாரி. மூன்று என்றால் கரண்ட் போய்விட்டது, உடனே வந்து ஜெனரேட்டரைப் போடுங்கள் என்று அர்த்தம். கோடை மதியத்தில் கரண்ட் இல்லாமல் தண்ணீர் தூவும் குழாய் நின்றுபோனால் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். கொஞ்ச நேரத்தில் சரியத் தொடங்கிவிடும். பேசினாலும் பேசாவிட்டாலும் ஒரே ரீசார்ஜ்தான் என்று ஆன பிறகும் இவர்கள் மிஸ்டு காலை விடவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தக் காலத்தில் இப்படியா? கொட்டகையில் பேட்டரியில் ஓடும் சென்சார் மாட்டினேன். அது சொல்லும் சூடு கடல் கடந்து எங்கோ ஒரு சர்வருக்குப் போய், அங்கிருந்து சோளக்காட்டின் இந்தப் பக்கம் இருக்கும் மாமாவின் போனுக்கு வரும். ஆப்பில் கலர் கலராகக் கோடு ஓடும். கறுப்புத் திரையில் வைத்திருந்தேன், அதுதான் அப்போது நாகரிகம். வெயிலில் மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் காட்டிவிட்டார். கரண்ட் போனால் இனி ரிங் விட வேண்டாம் என்று அக்காவிடமும் சொல்லிவிட்டார்.

சித்திரை மாதத்தில் ஒரு மதியம் கரண்ட் போனது. சென்சார் சரியாகச் சொன்னது. சர்வர் சரியாக அனுப்பியது. நான் எழுதிய புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். மாமாவின் போன்தான் பேட்டரியை மிச்சம் பிடிக்க, திறக்காத ஆப்களையெல்லாம் தூங்க வைத்திருந்தது. தலையணைக்கு மேலே மாமாவும் கீழே என் ஆப்பும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். கடைசியில் அக்கா விட்ட மூன்று ரிங்கில்தான் மாமா எழுந்து ஓடினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"அப்பவே வாயப் பொளந்துச்சுங்க தம்பி. உங்க ஆப்பு சொல்லிப்போடும்னு சித்த நேரம் பாத்துட்டே இருந்துட்டனுங்க."

குற்றம் சொல்லும் குரல்கூட இல்லை. தான்தான் தப்பு செய்ததுபோல் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. மாமாவிடம் பேட்டரி சேமிப்பு பற்றி நீளமாக விளக்கினேன். பாவம், கடைசிவரை கேட்டார்.

ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்து எழுதினேன். புதிய வெர்ஷனில் கோடு இல்லை, கலர் இல்லை, ஆப்பே இல்லை. சூடு ஏறினால் சர்வர் மாமாவுக்கு மூன்று ரிங் விட்டுக் கட் செய்யும். அவ்வளவுதான். இத்தனை வருட அனுபவத்தின் உச்சம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் மிஸ்டு கால் வந்தால் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. சர்வருக்கு அந்த மரியாதை தெரியவில்லை. மாமா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரோ எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள் என்று என்னிடம் வருத்தப்பட்டார். அதனால் அந்த நம்பருக்கு வரும் அழைப்பை என் போனுக்குத் திருப்பி வைத்தேன்.

போன வாரம் ஆபீஸ் மீட்டிங் நடுவே அந்த நம்பர் வழியாக மாமாவின் அழைப்பு வந்தது. கேமராவை அணைத்துவிட்டுப் பதறி எடுத்தேன்.

"மாமா, கரண்டு போயிருச்சுங்க. சீக்கிரம் ஜெனரேட்டரப் போடுங்க."

"அது அப்பவே போட்டாச்சு சாமி. அந்தம்மா மூணு ரிங்கு உட்டுருச்சு. நீயும் ரிங்கு உட்டயே, என்னமோ ஏதோன்னு கூப்பிட்டேன்."