புகார் சொல்லாதவர்களின் டிவி

எங்கள் கம்பெனி செய்த பெட்டியை நான் பெருமையாகத்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். பாயான் லெப்பாஸ் ஆபீஸில் எங்கள் குழு அதோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தது. கூரை ஏரியலின் வயரை அதன் முதுகில் செருகினால் போதும். வருகிற டிவி சிக்னலை அது வீட்டு வைஃபையில் ஏற்றி எல்லா அறைக்கும் அனுப்பிவிடும். ஹாலில் பெரிய டிவி, பின்னறையில் சின்ன டிவி, மகளின் டேப்லட், எதில் வேண்டுமானாலும் பார்க்கலாம். சுவரைத் துளைத்து அறைக்கு அறை வயர் இழுக்கிற தொல்லை இல்லை. அதற்குள் ஓடும் மென்பொருளில் ஒரு பகுதி என்னுடையது. யாருக்கு எந்தச் சேனலை எப்போது கொடுப்பது என்று முடிவு செய்கிற பகுதி.

அதில்தான் வில்லங்கம் இருந்தது. பெட்டிக்குள் இரண்டு ட்யூனர்கள்தான். ஒரு நேரத்தில் இரண்டு சேனல்களை மட்டுமே அது பிடிக்கும். மூன்றாவது ட்யூனர் வைத்தால் விலை ஏறிவிடும், கடையில் ஒருவரும் சீண்ட மாட்டார்கள் என்று விற்பனைப் பிரிவு ஒற்றைக் காலில் நின்றது. ஆக, வீட்டில் மூன்று பேர் மூன்று சேனல் கேட்டால் ஒருவருக்கு இல்லை. யாருக்கு இல்லை என்று எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் வந்தவருக்கு முதலில் என்று எழுதினேன். மூன்றாவதாக வருகிறவரின் திரையில், இப்போது முடியாது, மன்னிக்கவும் என்று வரும். சோதனைக்காகச் சில வீடுகளில் பெட்டியைக் கொடுத்திருந்தோம். அத்தனை வீட்டிலிருந்தும் திட்டு வந்தது. பிறை என்ற ஊரில் ஒரு வீட்டுக்காரர் பெட்டியை வயரோடு பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். புகாரைக் குறைக்காமல் இதைக் கடைக்கு அனுப்ப முடியாது என்று எங்கள் தலைவர் சொன்னார். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. அதனாலேயே அவர் சொன்னால் சொன்னதுதான்.

கூட்டத்தில் நான்தான் வாயைத் திறந்தேன். யாருடைய ரிமோட் ரொம்ப நேரமாக அசையவில்லையோ அவர் திரையில் ஒரு கேள்வி போடுவோம். இன்னும் பார்க்கிறீர்களா? ஓகே அமுக்கினால் தொந்தரவு செய்ய வேண்டாம். அமுக்காவிட்டால் ஆள் தூங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, சேனலைப் பிடுங்கிப் புதிதாகக் கேட்பவருக்குக் கொடுத்துவிடுவோம். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்காரச் சகோதரி சந்தேகமாகப் பார்த்தார். முழித்துக்கொண்டே பார்க்கிறவர் ஓகே அமுக்க மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"அப்படிப்பட்ட ஆள் சண்டைக்கும் வரமாட்டார்," என்றேன். "எல்லா வீட்டிலும் விட்டுக்கொடுக்கிற ஆள் ஒருவர் இருப்பார். என் வீட்டிலும் இருக்கிறார்." எல்லாரும் சிரித்தார்கள். தலைவர்கூடச் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். அதைச் சொன்னபோது என் மனசில் இருந்தது அக்காவின் முகம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அக்கா என்னைவிட நிறைய மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிறையில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாள். அந்த பேக்டரிக்காகப் பூப்பந்து ஆடியவள். ஷிப்ட் முடிந்த காலோடு கோர்ட்டில் இறங்கி, தன்னைவிட உயரமான பெண்களை மூச்சுவாங்க வைத்த கதையை யாராவது தூண்டிவிட்டால் சொல்லுவாள், தூண்டாவிட்டால் சொல்ல மாட்டாள். ஜெலுத்தோங்கில் நாங்கள் வீடு வாங்கியதிலிருந்து பின்னறை அவளுடையது. டிவியில் நாடகம் ஓடினாலும் சினிமா ஓடினாலும் அவளுக்கு ஒன்றுதான். பூப்பந்து என்றால் மட்டும் சோறு தண்ணீர் வேண்டாம்.

அவள் ஆட்டம் பார்ப்பதையே உட்கார்ந்து பார்க்கலாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, கண் சிமிட்டாமல் பார்ப்பாள். விளம்பரம் வந்தாலும் மாற்றமாட்டாள், அந்த இடைவெளியில் ஒரு பாயிண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். ரிமோட் பாட்டுக்கு அலமாரி மேல் கிடக்கும். ஆக, நான் எழுதிய விதிப்படி எங்கள் வீட்டிலேயே பெரிய தூங்குமூஞ்சி அக்காதான்.

புது விதி ஏறிய பிறகு சோதனை வீடுகளில் புகார் நின்றது. என் வீட்டிலும் அமைதி. ஹாலில் மனைவிக்குத் தமிழ்ப் படம், மகளுக்கு டேப்லட்டில் கார்ட்டூன், யாரும் யாரையும் பார்த்துக் கத்தவில்லை. "பரவாயில்லையே, உங்க பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது," என்று மனைவி சொன்னாள். என் வேலையைப் பற்றி அவள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம். பெட்டி கடைக்குப் போனது. தலைவர் குழு முழுவதுக்கும் நாசி கண்டார் சாப்பாடு வாங்கிக்கொடுத்து, என் முதுகில் தட்டினார். நானும் கூச்சமில்லாமல் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் போகிறவள் ஏன் மத்தியானம் போகிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. திரும்பி வரும்போது பையில் ஒரு கட்டு கீரை இருக்கும். வெயிலில் வாடிய கீரை.

ஒரு ஞாயிறு, மகளுக்கு ரொட்டி சானாய் என்கிற பரோட்டா வாங்க, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. கடைக்குள் மேஜைகள் எல்லாம் ஆண்கள், எல்லார் கண்ணும் சுவரில் இருந்த பெரிய திரையில். நம் நாட்டு ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. வாசல் ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, மணிக்கட்டில் பாசார் பையை மாட்டிக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். சாரல் அவள் முதுகை நனைத்துக்கொண்டிருந்தது. ஒரு பையன் எழுந்து நாற்காலியை நகர்த்தினான். "பரவால்ல தம்பி, நான் இப்ப போயிருவேன்," என்றாள். போகவில்லை. பாயிண்ட் கிடைத்ததும் கடையே கத்தியது, அவளும் பையோடு சேர்த்துக் கை தட்டினாள்.

நான் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். என் அக்கா, எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள், என் வீட்டில் அவளுக்கென்று ஒரு டிவி இருந்தும் தெருவில் நின்று ஆட்டம் பார்க்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அருகே போகக்கூடத் தைரியம் வரவில்லை. ரொட்டி வாங்காமலே திரும்பி வந்து, கடை மூடியிருக்கிறது என்று மகளிடம் பொய் சொன்னேன்.

அக்கா வந்ததும் அடுப்படிக்குப் போனேன். அவள் கீரை அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, மேட்ச் பாக்க மாமாக் கடைக்கா போற? ரூம்லதான் டிவி இருக்கே?"

"அங்க ஸ்கிரீன் பெரிசுலா தம்பி."

"சும்மா சொல்லாதக்கா. பாக்கிறீங்களான்னு அது கேக்குதுல்ல? ஓகே அமுக்க வேண்டியதுதானே?"

அவள் தண்ணீரை மூடினாள். "யாராச்சும் வேணும்னு கேட்டாதானே அது என்னைக் கேக்கும்? பாப்பா கார்ட்டூன் போட்டிருக்கும். இல்லாட்டி பாப்பாவோட அம்மா படம் போட்டிருக்கும். நான் ஓகே அமுக்கினா அவங்களுக்கு இல்லன்னு சொன்ன மாதிரிதானே? வீட்ல இருக்கிற புள்ளைக்கு எப்படிப்பா இல்லன்னு சொல்றது?"

என் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று யாரும் அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அது ஒரு முட்டாள் மெஷின்க்கா, அதை யார் மதிக்கிறார்கள் என்று ஏதோ உளறினேன்.

"மொதல்ல கோவம் வந்துச்சு," என்றாள் அக்கா. "பைனல், மூணாவது செட்டு. அப்புறம் நெனச்சேன், நீ செஞ்ச பெட்டிதானே, யோசிச்சுத்தானே செஞ்சிருப்பன்னு."

அவள் திட்டியிருக்கலாம். நாலு அறை விட்டிருந்தால்கூட அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் ஆபீஸில் தலைவரிடம் போனேன். அந்த விதியை மாற்றவேண்டும், அது தூங்குகிறவர்களிடமிருந்து பிடுங்கவில்லை, கேட்கத் தயங்குகிறவர்களிடமிருந்து பிடுங்குகிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, இதைப் பற்றிப் புகார் வந்திருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுகூட வரவில்லை என்றேன். அப்படியென்றால் எதைச் சரி செய்யச் சொல்கிறீர்கள் என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் முன்பு அதே அறையில் எல்லாரையும் சிரிக்கவைக்க அவளைத்தான் இழுத்தேன். மறுபடியும் அவளை இழுக்க நாக்கு எழவில்லை. எத்தனை வீட்டின் பின்னறையில் அந்தக் கேள்வி எழும்பி, எத்தனை பேர் எழுந்து போகிறார்களோ, எனக்குத் தெரியாது. விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதன் மேல் என் வேலையும் இருக்கிறது.

வீட்டிலாவது சரிசெய்ய முடியும் என்று நினைத்தேன். ஏரியலிலிருந்து தனி வயர் ஒன்று இழுத்து, டிரில்லை வாடகைக்கு எடுத்து, சுவரைத் துளைத்து, நேராக அக்காவின் டிவியில் செருகினேன். பெட்டிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான்கு சுவர் முழுக்கச் சிமெண்ட் தூசு. மனைவி முறைத்துக்கொண்டே கூட்டினாள். "இது உன்னுதுக்கா," என்றேன். "இனிமே ஒண்ணும் கேக்காது. நீ பாக்கிறதால யாருக்கும் ஒண்ணும் கொறையாது."

"நெசமாவா?" என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன்.

அடுத்த பைனலுக்கு அவள் பாசாருக்குப் போகவில்லை. பின்னறையிலிருந்து ஆட்டத்தின் சத்தம் கேட்டது. எனக்கு மனசு லேசானது. ஒரு தப்பையாவது சரிசெய்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டு, அவள் பார்ப்பதைப் பார்க்கலாம் என்று போய்க் கதவோரம் நின்றேன். அக்கா கட்டில் விளிம்பில், கைகளை முழங்காலுக்குள் இறுக்கியபடி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது செட். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல முடியாத கட்டம். நம் ஜோடி ஒரு பாயிண்ட் எடுத்துச் சமன் செய்தது.

அப்போது அவள் என்னைப் பார்த்துவிட்டாள். சட்டென்று எழுந்து, அலமாரி மேலிருந்து ரிமோட்டை எடுத்தாள்.

"நீ ஏதாச்சும் பாக்கணுமா தம்பி?"

திரையில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. அக்கா அதைப் பார்க்கவில்லை. ரிமோட்டை என் பக்கம் நீட்டியபடி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.