விதைக்கு விட்ட வெண்டை

முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தைச் சுற்றி வருகிறேன். சிவகாசி நடுவில், அச்சகங்களுக்கு இடையே இன்னும் மண் தெரியும் இடம் அது. ஒரு பஞ்ச காலத்தில், பங்குச் சாமியார் குடியிருக்கும் பங்களாவைச் சேர்ந்த நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்களாம். இன்று எல்லாச் சாதி மதத்தாரும் அங்கே பயிர் வைக்கிறார்கள். பள்ளிக்கூட டீச்சரான எனக்குப் பாத்தி கிடையாது. பார்ப்பதோடு சரி.

கிணற்றை ஒட்டிய பாத்தி ஒரு பட்டாசுத் தொழிலாளியின் மனைவியுடையது. தாயில்பட்டி கம்பெனியில் அவள் கணவருக்குக் கை வெந்து, மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவள் வராத நாட்களில் பக்கத்துப் பாத்திக்காரர்கள் தண்ணீர் ஊற்றினார்கள்.

அன்று நான் போனபோது, கணவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு அவள் திரும்பி வந்திருந்தாள். வெண்டைச் செடிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள்.

"இதுல காய யாரு பறிச்சா?"

அடுத்த பாத்தியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் நிமிர்ந்தார். "நாந்தாம்மா. முத்துதேன்னு பறிச்சேன்."

"வெதைக்குல்லா சார் விட்டிருந்தேன்! அடையாளத்துக்கு நூலு கட்டியிருந்தேனே, பாக்கலையா?"

"இலை மறைச்சிருச்சு தாயி." அவர் முகம் சுருங்கிவிட்டது.

அவள் காய் பறித்த காம்பைத் தடவிப் பார்த்தபடி கேட்டாள்: "கறி வச்சீகளா?"

"வச்சோம். ஒரே நாரு. மெல்ல முடியல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். கடையில் விதை வாங்கித் தருவதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்றாள்.

"இந்தத் தரம் சீனி அவரை போடுதேன். அவுகளுக்கு அதான் புடிக்கும். கை இன்னும் மடங்க மாட்டேங்குது சார். நாந்தான் ஊட்டிவிடுதேன்."

வாத்தியார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பாத்திக்குள் இறங்கினார். இருவரும் வெண்டைச் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். நான் கிணற்றடியில் கிடந்த வாளியை எடுத்துத் தண்ணீர் இறைத்து வைத்தேன்.

சீனி அவரை, அதாவது கொத்தவரை, பூத்த சமயத்தில் அவள் கணவரும் ஒரு நாள் வந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஊருக்குப் போகுது டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார்.

தெரியவில்லை என்றேன். லாரி கிளம்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.