மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு சந்து

கிளம்பப்போகும் லாரியின் பக்கப் பலகையில் தொங்கி, உடம்பு மொத்தத்தையும் கொடுத்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் ஆஷுர்மோ அதை விடுவாள். ஒருபுறம் ஆட்டிவிட்டு ஓட்டமாய்ப் போய் மறுபுறம் ஆட்டுவாள். தார்ப்பாயில் காதை வைத்துக் கேட்பாள். அப்புறம் கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஊதுவாள். அந்தச் சத்தம் கேட்காமல் பார்தாங் பள்ளத்தாக்குக்குள் எந்த மாவு வண்டியும் நுழைவதில்லை.

"வண்டிய ஏன் அண்ணி தாலாட்டுற, தூங்கிடப் போகுது" என்பான் டிரைவர் கிம்மத்ஷோ. அவள் கணவனின் தம்பி.

"ஆட்டினா நீதான் தூங்குவ. வண்டிக்கு முழிப்பு வரும்."

விசில் பள்ளிக்கூடத்தினுடையது. உள்நாட்டுச் சண்டைக்கு முன்னால் அவள் விளையாட்டு ஆசிரியை. சண்டை நடந்த குளிர்காலங்களில் பள்ளியின் பெஞ்சுகளும் ஜன்னல் சட்டங்களும் அடுப்பில் எரிந்துபோயின. கணவன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். வெளிநாட்டு உதவியாக வரும் மாவுக்கு ஆற்றங்கரையில் கொட்டகை போட்டதும் அவள் இங்கே வந்து சேர்ந்தாள். மூட்டை தூக்குபவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். காலையில் அவர்களை உயர வரிசையில் நிற்கவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. படிக்காதவர்களும் அவளை டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள்.

அவளால் ஓரிடத்தில் நிற்க முடியாது. பால் விட்ட உப்புத் தேநீரில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு கிண்ணத்தோடு நடப்பாள். நடுவில் ஏதாவது கண்ணில் படும். கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடுவாள். டயர் மேலும் டீசல் பீப்பாய் மேலும் அவளுடைய தேநீர் ஆறிக் கிடக்கும். ஒருமுறை சோதனைச் சாவடிக்காரர்களின் தோட்டாப் பெட்டி மேல் கிடந்தது. அவர்கள் குடித்துவிட்டுக் கழுவி அனுப்பினார்கள்.

மாவு கடல் தாண்டி வருகிறது. ரயிலில் ஓஷ் நகரம் வரை வந்து, அங்கிருந்து பெரிய லாரிகளில் கணவாய்களை ஏறி இறங்குகிறது. வழியில் கம்பு போட்டு மறித்த இடத்திலெல்லாம் நேற்றுவரை சுட்டுக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்து, ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டுப் போ என்கிறார்கள். அதையெல்லாம் தாண்டிக் கொட்டகைக்கு வந்துவிட்டால் பாதி நிம்மதி. மீதிப் பாதிதான் ஆஷுர்மோவின் பாடு. பள்ளத்தாக்கின் பாலம் பெரிய லாரியைத் தாங்காது. எல்லாவற்றையும் இறக்கி, பழைய ராணுவச் சின்ன லாரிகளில் ஏற்ற வேண்டும். அந்த லாரிகள் ஒருபக்கம் பாறையும் ஒருபக்கம் ஆறுமாக, சரிந்து கிடக்கும் பாதையில் போக வேண்டும். பனி மூடிவிட்டால் வசந்தம் வரை எதுவும் போகாது.

ஏற்றுவதில்தான் சிக்கல். தரையில் ரொட்டித் துணுக்கு கிடந்தால் எடுத்து நெற்றியில் ஒற்றி உயரத்தில் வைக்கிற ஜனங்கள் இவர்கள். நிலக்கரி மூட்டை மேல் ஏறி நிற்பார்கள், சிமெண்ட் மூட்டை மேல் குதிப்பார்கள். மாவு மூட்டை மேல் மட்டும் கால் வைக்க மாட்டார்கள். அதனால் லாரியின் நடுவில் ஆள் நடக்க ஒரு சந்து விட்டு, பலகையில் நின்றபடியே இரண்டு பக்கமும் அடுக்குவார்கள். பெரிய சாலையில் அதனால் கெடுதல் இல்லை. போன இலையுதிர்காலத்தில் கிம்மத்ஷோவின் லாரி சாய்ந்த பாறை என்கிற வளைவில் ஆற்றுப்பக்கம் சரிந்தபோது, மலைப்பக்க மூட்டைகள் சந்துக்குள் விழுந்து எதிர்ப்பக்கத்தை அமுக்கின. லாரி படுத்தது. அவன் குதித்துவிட்டான். அன்று முதல் அவனுடைய வலது கை தோளுக்கு மேல் ஏறுவதில்லை. ஆறு கொஞ்சநேரம் பால் மாதிரி ஓடியதாம். அந்த மாவுக்குக் காத்திருந்த மேல் ஊர் குளிர்காலம் முழுக்க உலர்ந்த முசுக்கட்டைப் பழத்தை இடித்துத் தின்றது. பனி உருகிப் பாதை திறந்தபோது அங்கே புதிய புதைகுழி மேடுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை சின்னவை.

இந்த வருடம் ஆஷுர்மோ ஒரு வழி கண்டுபிடித்தாள். "மிதிக்கக் கூடாது, அவ்வளவுதானே? மாவு பிசையறப்ப முட்டி போட்டுத்தானே உட்கார்றோம்?" என்று சொல்லி, முழங்கால்களில் கம்பளித் துண்டுகளைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக மூட்டைகள் மேல் ஏறினாள். பாதங்கள் படாமல் பின்னால் தூக்கிக்கொண்டு நின்றன. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு முனகினார்கள். பிறகு அவர்களும் முட்டி போட்டார்கள். இப்போது இங்கே மாவு லாரியில் சந்து கிடையாது. வரிசைக்குக் குறுக்கே வரிசையாக மூட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இருக்கும்.

"பேரன் தவழ்ற வயசுல என்னையும் தவழ விட்டுட்டா இந்த டீச்சர்" என்று புலம்புவார் லாயிக். சுமைகாரர்களில் மூத்தவர்.

"பேரன் உன்ன மாதிரி நடுவுல நின்னு மூச்சு வாங்கலயே மாமா" என்பாள் அவள்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள். அதே மேல் ஊருக்குக் கடைசி லாரி. காலையில் மலை முகட்டில் இருந்த மேகம் மதியத்துக்குள் பாதி மலைக்கு இறங்கிவிட்டது. கிளம்பியாச்சா, கிளம்பியாச்சா என்று வயர்லெஸ் அரற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சாவடிக்காரர்கள் பாலத்தை மறித்தார்கள். ஆஷுர்மோ போய்க் கத்தி, சிரித்து, அவர்களில் ஒருவன் தன்னிடம் நீளத்தாண்டல் பழகியவன் என்று கண்டுபிடித்து, கம்பைத் தூக்க வைத்துவிட்டுத் திரும்பினாள். லாரி தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டித் தயாராக நின்றது.

"அதுக்குள்ளயா?"

"பசங்களுக்கு இன்னிக்கு ரோஷம் வந்துடுச்சு" என்றார் லாயிக், வேறெங்கோ பார்த்தபடி.

அவள் பலகையில் தொங்கினாள். முதல் ஆட்டத்துக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் லாரியின் வயிற்றுக்குள்ளே தொப்பென்று ஏதோ விழுந்தது.

அவளே கயிற்றை அவிழ்த்தாள். மேலே ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை மூட்டைகள் ஒழுங்காக மூடியிருந்தன. அவற்றை இழுத்ததும் நடுவில் நீளமாக, இருட்டாக, ஓர் ஆள் அகலத்துக்குச் சந்து.

"யாரு?"

"நான்தான்" என்றார் லாயிக். "என் மக மேல இருக்கா. கைக்குழந்தையோட. உனக்குத் தெரியும். முட்டி போட்டு அடுக்கினா சாயங்காலம் ஆயிடும், பனி வந்துடும். சீக்கிரம் போகட்டும்னுதான் பண்ணேன்."

"சீக்கிரம் போகணுமா மாமா, போய்ச் சேரணுமா?"

கிம்மத்ஷோ இறங்கி வந்தான். "அண்ணி, மேகத்தப் பாரு. இப்ப விட்டா வெளிச்சத்துலயே போயிடுவேன். வளைவுல மெதுவா எடுக்கறேன்."

"போன வருஷம் வேகமாவா எடுத்த?"

அவள் தார்ப்பாயை முழுக்க இழுத்துத் தரையில் போட்டாள். "எல்லாத்தையும் இறக்குங்க!" விசில் நீளமாகக் கேட்டது. யாரோ ஒருவன் மேகத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னான். மேகத்தைச் சொன்னானா டீச்சரைச் சொன்னானா என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. லாயிக்தான் முதலில் முழங்கால் போட்டு ஏறினார். மூட்டைகளைக் கையில் வாங்கி, தட்டி, முட்டியால் அமுக்கி, மூலை மூலையாகச் செருகினார். முனகவே இல்லை. அவருக்கு ஈடுகொடுத்துத் தூக்க இளைஞர்கள் திணறினார்கள். வயர்லெஸ் மறுபடியும் கேட்டபோது ஆஷுர்மோ அதன் குரலைக் குறைத்துவிட்டு, மூட்டை தூக்கும் வரிசையில் தானும் நின்றாள்.

லாரி கிளம்பும்போது முதல் பனி விழத் தொடங்கியிருந்தது. பொடிப் பொடியாக, தரையில் பட்டதும் காணாமல் போகிற பனி. அவள் ஆட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. ஊதினாள். லாரி பாலத்தைத் தாண்டி மலையின் மடிப்புக்குள் மறைந்தது.

"உள்ள வா டீச்சர், டீ ஆறுது" என்று யாரோ கூப்பிட்டார்கள். அவள் அதற்குள் பாலத்தைத் தாண்டியதும் ஏறும் ஆட்டுத்தடத்தில் பாதி தூரம் போயிருந்தாள். பாதை மலையைச் சுற்றிக்கொண்டு போகும். ஆட்டுத்தடம் குறுக்கே ஏறி, சாய்ந்த பாறை வளைவில் இறங்கும்.

அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது லாரியின் முன்விளக்கு வளைவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஒதுங்கி நிற்க மலைப்பக்கம் இடம் இருந்தது. அவள் ஆற்றுப்பக்கம் போய் நின்றாள். பாதை முடிந்து காற்று தொடங்குகிற விளிம்பில், லாரி சாயப்போகும் பக்கத்தில்.

"பைத்தியமா உனக்கு? அந்தாண்ட போ அண்ணி!" கிம்மத்ஷோ ஜன்னல் வழியாக அலறினான். நிறுத்த முடியாது. நிறுத்தினால் அந்தச் சரிவில் மறுபடி எடுக்க முடியாது. லாரி முனகிக்கொண்டு ஆற்றுப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தபடியே, மனித நடையைவிட மெதுவாக அவளைக் கடந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, தார்ப்பாயின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு அதனோடு பக்கவாட்டில் நகர்ந்தாள். பாறை முடிந்தது, பாதை சமனானது, லாரி நிமிர்ந்து அடுத்த திருப்பத்துக்குள் போயிற்று. பனி விழுந்துகொண்டிருக்க, அவளுடைய கைகள் மட்டும் எதையோ தாங்கிப் பிடித்தபடி காற்றில் அப்படியே நின்றன.