நோவாவின் வெள்ளமும் எங்கள் மேட்டுக் குளமும்

பாறையைப் பற்றிப் பாடம் நடத்துகிற வேலையில் பாறை மட்டும்தான் வாயைத் திறக்காது, மற்ற எல்லோரும் திறப்பார்கள்.

போடிநாயக்கனூரில் ஒரு கான்வென்ட் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். நான் படித்ததும் கான்வென்டில்தான். வீடு போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, ஓடைக்கரையில். மகளுக்கு இப்போதுதான் பேச்சு வருகிறது. அவளைத் தூங்கவைத்துவிட்டு மழைச் சத்தத்தில் காதை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பிள்ளையை மலையில் விட்டுவிட்டு ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல இறங்கிப் போகும் தாய்மார்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

சங்குக் கல்

ராசிங்காபுரத்திலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் கிடைத்ததென்று ஒரு கல்லைக் கொண்டுவந்தாள். அதில் சுற்றுச்சுற்றாய்க் கோடுகள். சங்கு கல்லாகிவிட்டதாம்; பைபிளில் நாற்பது நாள் மழை கொட்டி வந்த நோவா காலத்து வெள்ளம் போடிமெட்டையே முக்கியதற்கு அத்தாட்சியாம். வகுப்பே கை தட்டியது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நோவாவின் பேழையை வண்ணப் பென்சிலில் வரைந்து சிஸ்டரிடம் 'குட்' வாங்கியவள் நான்.

ஆனால் எங்கள் மலைப் பாறை பூமியின் ஆழத்தில் வெந்து உருவானது. அதில் சங்கே கிடந்திருந்தாலும் தடம் மிஞ்சாது. வெயிலிலும் மழையிலும் பாறை வெங்காயம் போலத் தோல்தோலாக உரியும், அந்தக் கோடுதான் இது என்றேன். அவள் கல்லைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப யாரு மிஸ் பொய் சொல்றது, பைபிளா, நீங்களா?"

ஸ்டாஃப் ரூம்

சங்குக் கல் ஸ்டாஃப் ரூமுக்கும் வந்து சேர்ந்தது. பனி யுகம் முடிந்து கடல் மட்டம் ஏறியது, அந்த நினைவுதான் நோவா கதை என்றார் பிசிக்ஸ் சார். "மலையெல்லாம் முங்குச்சுன்னு எழுதியிருக்கு சார், கடற்கரை முங்குச்சுன்னு எழுதல" என்றார் மறைக்கல்வி எடுக்கும் ஸ்டெல்லா மிஸ். அந்தக் கதை பிறந்த நாட்டின் இரண்டு பெரிய ஆறுகள் ஒரே நேரத்தில் கரை புரண்டால் அந்தச் சமவெளியில் இருப்பவர்களுக்கு அதுதானே உலகம் என்றேன் நான். புராணத்திலும் ஒரு பிரளயம் உண்டு, அதில் படகை இழுத்த மீனுக்கு யாரும் மரியாதை தருவதில்லை என்று தமிழ் ஐயா குறைப்பட்டார்.

வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் மகளைப் பார்த்துக்கொள்ளும் மாமியாருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. "நாற்பது நாள் வேணாம் சார், இந்த மழை விடாம ஒரு ராத்திரி பேஞ்சாலே எங்க வீட்டுப் பின்னாடி சரிவு தாங்காது" என்றேன். பிசிக்ஸ் சார் சலித்துக்கொண்டார்: "டீச்சர், நாங்க உலகத்தப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம். நீங்க உங்க வீட்டப் பத்திப் பேசுறீங்க!"

உருண்டைக் கற்கள்

வெளியூரிலிருந்து ஒரு சொற்பொழிவாளர் வந்தார். பைபிளும் அறிவியலும் ஒன்றே என்பது அவர் பேச்சு. பிள்ளைகளை ஜீப்புகளில் ஏற்றி எங்கள் ஓடைக்கே கூட்டிவந்தார். தண்ணீருக்கு எவ்வளவோ மேலே, மண்மேட்டுக்குள் பதிந்திருந்த உருண்டைப் பாறைகளைக் காட்டினார். "இத்தனை உயரத்தில் இவற்றை உருட்டி வைத்த வெள்ளம் எது?" என்றார். பிள்ளைகள் கோரஸாக "நோவா!" என்றார்கள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஓடும் தண்ணீர் கொண்டுவந்திருந்தால் பெரிய கல் தனியே, மணல் தனியே படிந்திருக்கும். இங்கே யானைப் பருமனும் நெல்லிக்காய்ப் பருமனும் சேற்றோடு கலந்து கிடக்கின்றன. இது மேலிருந்து சரிந்து வந்த மலை. ஒரு தடவை இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாகப் பல தடவை. நான் சொல்லி முடித்ததும் அவர் பிள்ளைகளை அடுத்த பாறைக்கு நகர்த்தினார். ஜீப்பு ஓட்டிவந்த முருகேசண்ணன்தான் பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்: "டீச்சரம்மா, அந்த மேட்டு மேலதான ஒங்க வீடு இருக்கு?"

படுதாக் குளம்

ஆமாம், அந்த மேட்டின் மேல்தான். வீட்டுக்கு நேர் மேலே என் கணவரின் அண்ணனுடைய ஏலத்தோட்டம். கோடையில் செடி காயாமலிருக்கச் சரிவில் பள்ளம் தோண்டி, பிளாஸ்டிக் படுதா விரித்து, மழைத்தண்ணீரைத் தேக்குவது இங்கே எல்லோரும் செய்வதுதான். படுதாக் குளம் என்போம். மூத்தவர் இந்த வருஷம் குளத்தைப் பெரிதாக்கி, தோண்டிய மண்ணையே கரையாகக் குவித்தார். அந்தக் கரையின் அடியில் விரல் நுழையும் அளவு வெடிப்பை நானே பார்த்தேன். ஊற்று போலத் தண்ணீர் கசிந்தது, கலங்கலாக. தெளிந்த கசிவென்றால்கூட மனசு ஆறியிருக்கும். கலங்கல் என்றால் உள்ளே மண் கரைகிறது.

கணவரிடம் சொன்னேன். மழை முடிகிறவரை குளத்தைப் பாதியாவது இறக்கச் சொல்லுங்கள், மகள் கீழே படுத்திருக்கிறாள் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. அண்ணனுக்கு எதிரே நின்று பேசிப் பழகாதவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்: "தண்ணிய எறக்கி விட்டுட்டு, சித்திரையில செடிக்கு நீயா கொடத்துல ஊத்துவ?"

இறங்கினேன்

போன வாரம் மழை விடவே இல்லை. பள்ளிக்கு லீவு. கசிவு வாய்க்காலாகிவிட்டிருந்தது. மகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு, தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய சாயங்கால ஜீப்பில் ஏறி, போடியில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் வெயில் அடித்தது. கரை அப்படியே நின்றது. வெட்கத்தோடு திரும்பினேன், உடையவில்லையே என்று வெட்கப்பட வைத்துவிட்டார்கள், பாருங்கள். மாமியார் முகம் கொடுக்கவில்லை. கணவர் மகளை மட்டும் வாங்கிக்கொண்டார். மூத்தவர் முற்றத்தில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கொளம் கெட்டியாத்தான் இருக்கு ஆத்தா. ஒம் புத்திதான் கரையொடஞ்சு கெடக்கு."

நோவாவின் பேழை தப்பித்துக் கரை சேர்ந்தது ஒரு மலை மேல். எங்கள் மலையில் தப்பிக்கக் கீழே இறங்க வேண்டும், அதற்கு ஒரு வீட்டு ஆம்பளைகள் அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும்.